மானியம் யாருடைய பட்டிக்குப் போகிறது?



கொழுந்து நிறுத்து முடித்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கக் கிளம்புகிறவர்கள் நம்ம தோட்டங்களில் நிறையப் பேர். ஒரு பசு, இரண்டு பசு, மிஞ்சிப் போனால் நாலு. காலைப் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அந்தக் காசுதான் பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் கைகொடுக்கிறது. மாடு வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "வெளிநாட்டுல பால்காரனுக்கு அரசாங்கம் அள்ளி அள்ளிக் குடுக்குது. நமக்குத்தான் யாரும் ஒன்னும் தாறதில்ல."

இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை இந்தப் பாடத்தில் ஆராய்வோம். எடுத்துக்காட்டாக ஐக்கிய அமெரிக்காவைப் பார்ப்போம். பால் பண்ணைகளுக்கும் இறைச்சி மாட்டுப் பண்ணைகளுக்கும் அரசாங்கம் நீண்ட காலமாகப் பணம் கொடுத்துவரும் நாடு அது. கொடுத்த பணம், அதனால் விளைந்த நன்மை, தீமை எல்லாவற்றுக்கும் அங்கே எழுத்தில் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் படித்தால், நாளைக்கு நம்ம தோட்டத்துக்கு ஒரு மாட்டுத் திட்டம் வரும்போது என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பது நமக்கு விளங்கும்.

1. மானியம் என்றால் என்ன?

மானியம் என்பது அரசாங்கம் பொதுப் பணத்திலிருந்து ஒரு தொழிலைத் தாங்கிப் பிடிப்பது. பொதுப் பணம் என்றால் வேறு யாருடைய பணமும் அல்ல. நாம் சீனி வாங்கும்போதும் சவர்க்காரம் வாங்கும்போதும் கட்டுகிற வரியும் அதில் சேர்ந்ததுதான்.

மானியத்தைப் பல வழிகளில் கொடுக்கலாம். முக்கியமானவை நான்கு.

ஒன்று, விலையைத் தாங்குவது. சந்தையில் விலை விழும்போது அரசாங்கமே ஒரு விலை வைத்து வாங்கிக்கொள்ளும்.

இரண்டு, வித்தியாசத்தைக் கொடுப்பது. கிடைத்த விலைக்கும், கிடைத்திருக்க வேண்டிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை விவசாயியின் கையில் கொடுப்பது.

மூன்று, தேவையான பொருளை மலிவாகக் கொடுப்பது. மேய்ச்சல் நிலம், தண்ணீர், தீவனம், கடன் போன்றவை இதில் அடங்கும்.

நான்கு, அனர்த்த நிவாரணம். வரட்சி, வெள்ளம், நோய் வந்தால் கொடுப்பது.

இந்த நான்கையும் அமெரிக்கா செய்து பார்த்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2. விலையைத் தாங்கிப் பிடித்த கதை

1949ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு விவசாயச் சட்டம் வந்தது. பால் விலை ஒரு மட்டத்துக்குக் கீழே விழ விடக்கூடாது என்பது அதில் ஓர் ஏற்பாடு. ஆனால் பச்சைப் பாலை அரசாங்கம் வாங்கி எங்கே வைப்பது? இரண்டு நாளில் கெட்டுப்போகும். அதனால் பாலிலிருந்து செய்த பட்டர், சீஸ், ஆடை நீக்கிய பால்மா ஆகிய மூன்றையும் தொழிற்சாலைகளிடம் குறித்த விலைக்கு வாங்கியது. எவ்வளவு கொண்டுவந்தாலும் வாங்கியது. அந்த விலை தொழிற்சாலைக்குக் கிடைத்தால் அது விவசாயிக்கும் நல்ல விலை கொடுக்கும் என்பது எண்ணம்.

1970களின் பிற்பகுதியில் இந்த விலை மளமளவென்று உயர்த்தப்பட்டது. 1980இல் 100 இறாத்தல் பாலுக்கு, அதாவது ஏறக்குறைய 45 கிலோவுக்கு, 13 டொலர் 10 சதம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. விலை உறுதி என்றால் விவசாயி என்ன செய்வார்? நாமாக இருந்தாலும் என்ன செய்வோம்? இன்னொரு மாட்டைக் கட்டுவோம். அங்கேயும் அதுதான் நடந்தது. பால் பெருகியது. வாங்குகிற சனம் பெருகவில்லை. அரசாங்கக் களஞ்சியங்களில் 50 கோடி இறாத்தலுக்கும் மேற்பட்ட சீஸ் குவிந்து கிடந்தது. சில இடங்களில் பூஞ்சணமும் பிடிக்கத் தொடங்கியது. 1981 டிசம்பரில் ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் அதிலிருந்து 3 கோடி இறாத்தலை ஏழைகளுக்குப் பங்கிடும்படி கட்டளையிட்டார். ஐந்து இறாத்தல் கட்டிகளாக அது பங்கிடப்பட்டது. இன்றும் அங்கே வயதானவர்கள் "அரசாங்க சீஸ்" என்று அதை நினைவுபடுத்திப் பேசுவார்கள்.

அமெரிக்காவில் மிஞ்சிய உணவில் ஒரு பகுதி 1954ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் வெளிநாடுகளுக்கும் உதவியாகப் போனது. நம்ம தாய்மாருக்குத் தெரிந்த திரிபோஷா 1970களில் ஆரம்பித்த காலத்தில், அமெரிக்க அரசாங்கம் தானமாகக் கொடுத்த உணவுக் கலவையும் அதில் சேர்க்கப்பட்டது. தூரத்து நாட்டு மானியம் நம்ம பிள்ளைகளின் கிண்ணம் வரைக்கும் வந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

இந்த முறையில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். மானியம் பாலின் அளவோடு கட்டப்பட்டிருந்தது. பத்து மாட்டுக்காரருக்கு பத்து மாட்டுப் பாலுக்கு உதவி. ஆயிரம் மாட்டுக்காரருக்கு ஆயிரம் மாட்டுப் பாலுக்கு உதவி. சட்டத்தில் இருவரும் சமம்தான். ஆனால் பணம் சமமாகப் போகவில்லை.

3. கறக்காத பாலுக்குக் காசு

பால் அளவுக்கு மீறிப் போனதும் அரசாங்கம் தலைகீழாகத் திரும்பியது. 1983இல் வந்த சட்டப்படி, 1984 ஜனவரி முதல் 1985 மார்ச் வரை 15 மாதங்களுக்கு, பாலைக் குறைத்துக்கொண்ட பண்ணைகளுக்கு, குறைத்த ஒவ்வொரு 100 இறாத்தலுக்கும் 10 டொலர் கொடுக்கப்பட்டது. "கறக்காத பாலுக்கா காசு?" என்று நீங்கள் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. ஆமாம், கறக்காத பாலுக்குத்தான். திட்டம் முடிந்ததும் பால் மறுபடியும் கூடிவிட்டது.

அடுத்து 1986இல் முழு மந்தையையும் வாங்கும் திட்டம் வந்தது. பண்ணைக்காரர் தன் மாடுகள் அத்தனையையும் இறைச்சிக்கோ ஏற்றுமதிக்கோ விட்டுவிட வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பால் தொழிலுக்கே வரக்கூடாது. அதற்கு அரசாங்கம் பணம் தரும். சுமார் 14,000 பேர் இதற்கு ஒப்புக்கொண்டார்கள். பசு, கிடாரி, கன்று என்று ஏறக்குறைய 15 இலட்சத்து 50 ஆயிரம் உருப்படிகள் தொழிலை விட்டுப் போயின. அதற்கான செலவில் ஒரு பங்கு, தொழிலில் மிஞ்சியிருந்த பால்காரர்களின் பால் காசிலிருந்தே கழிக்கப்பட்டது.

இதில் இரண்டு வழக்குகள் வந்தன. இந்த மாடுகள் மறுபடியும் பால் பண்ணைக்குத் திரும்பிவிடக் கூடாது என்று அவற்றின் முகத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குறி போடச் சொல்லியிருந்தார்கள். அது கொடுமை என்று மிருக நலச் சங்கமொன்று நீதிமன்றம் போனது. நீதிமன்றம் அதைத் தடுத்தது.

மற்ற வழக்கைப் போட்டவர்கள் இறைச்சி மாடு வளர்ப்பவர்கள். அவர்களுடைய பண்ணைகளை அங்கே "ராஞ்ச்" என்பார்கள். இத்தனை இலட்சம் பால் மாடுகளை ஒரே நேரத்தில் இறைச்சிச் சந்தைக்குள் தள்ளினால் மாட்டு விலை என்னாவது? விலை விழுந்தது. "பால்காரனைக் காப்பாத்துறதுக்கு எங்களை ஏன் கவுக்குறீங்க?" என்பதே அவர்களுடைய வழக்கின் சாரம். ஒரு பக்கத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கும்போது பக்கத்துச் சுவர் வெடிக்கிறதா என்று யாரும் முதலில் பார்க்கவில்லை.

4. மேய்ச்சல் நிலத்தில் கிடைக்கும் சலுகை

இறைச்சி மாட்டுப் பண்ணைகளுக்கும் உதவி இல்லாமல் இல்லை. அவர்களுக்கு அது நிலத்தின் வழியாக வருகிறது.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெரும் நிலப்பரப்பு மத்திய அரசாங்கத்துக்குச் சொந்தம். 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதில் மேய்க்க அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள். நில முகாமைத்துவப் பணியகம் ஒன்றின் கீழ் மட்டும் சுமார் 15 கோடி 50 இலட்சம் ஏக்கர் மேய்ச்சலுக்கு விடப்பட்டிருக்கிறது. நம்ம நாட்டைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல்.

கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்கு 2025இல் 1 டொலர் 35 சதம். இதற்குக் கீழே போகக்கூடாது என்று 1986இல் விதித்த அதே அடிமட்டக் கட்டணம்தான். தனியார் நிலத்தில் அதே மேய்ச்சலுக்கு 20 டொலருக்கு மேல் கொடுக்க வேண்டும். அமெரிக்க அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2005இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2004ஆம் நிதியாண்டில் இந்த மேய்ச்சலை நிர்வகிக்க அரசாங்க நிறுவனங்கள் குறைந்தது 14 கோடி 40 இலட்சம் டொலர் செலவழித்தன. கட்டணமாகக் கிடைத்தது சுமார் 2 கோடி 10 இலட்சம் டொலர்தான் என்று அது காட்டியது.

பண்ணைக்காரர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அரசாங்க நிலம் பெரும்பாலும் காய்ந்த நிலம். வேலியும் தண்ணீரும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, தனியார் நிலத்தோடு ஒப்பிடக் கூடாது என்கிறார்கள். அதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் ஒன்று தெளிவு. இந்தச் சலுகை, அந்த நிலத்துக்குப் பக்கத்தில் ஏற்கனவே சொந்தப் பண்ணை வைத்திருப்பவருக்குத்தான் முதலில் போகிறது. சட்டமே அப்படித்தான் முன்னுரிமை கொடுக்கிறது. நிலமில்லாதவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது.

வரட்சி வந்தால் தனி நிவாரணம் உண்டு. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆரம்பித்து 2014இல் நிரந்தரமாக்கப்பட்ட திட்டம் அது. ஒவ்வொரு பிரதேசத்திலும் வரட்சி எவ்வளவு கடுமை என்று வாராவாரம் வரைபடம் வெளியிடுகிறார்கள். அந்த வரைபடத்தில் குறித்த நிறம் வந்துவிட்டால் மேய்ச்சல் நட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். யாருடைய சிபாரிசும் தேவையில்லை. இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது: யாருக்குக் கிடைக்கும் என்பதை ஆள் முகம் பார்த்துத் தீர்மானிக்காமல், எல்லாருக்கும் தெரிந்த ஓர் அளவுகோலால் தீர்மானிப்பது.

5. இன்றைய முறை: உச்ச வரம்பு வந்த விதம்

பட்டரும் சீஸும் வாங்கிக் குவிக்கும் பழைய ஏற்பாடு 2014ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த காப்புறுதி மாதிரியான ஒரு திட்டம் இன்று முக்கியமானது.

அதன் கணக்கு இலேசானது. பாலுக்குக் கிடைக்கும் விலையிலிருந்து தீவனச் செலவைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் பால்காரரின் கைக்காசு. அந்தக் கைக்காசு 100 இறாத்தலுக்கு 9 டொலர் 50 சதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒருவர் பதிந்து, 100 இறாத்தலுக்கு 15 சதம் வீதம் கட்டுப்பணம் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் அந்தக் கைக்காசு 3 டொலர் 52 சதமாக விழுந்தது. வித்தியாசம் 5 டொலர் 98 சதம். மாதம் ஒரு இலட்சம் இறாத்தல் பாலுக்குக் காப்பு இருந்திருந்தால் அந்த மாதத்துக்கு அவருக்குச் சுமார் 5,980 டொலர் சேர வேண்டும்.

இங்கேதான் முக்கியமான இடம். இந்த மலிவான கட்டுப்பணம் ஒரு பண்ணையின் முதல் 50 இலட்சம் இறாத்தல் பாலுக்கு மட்டுமே என்று 2018இல் வரம்பு போட்டார்கள். அது சுமார் 200 பசுக்களின் ஒரு வருடப் பால். அதற்கு மேலே போனால் காப்பின் அளவும் குறைவு, கட்டுப்பணமும் வேறு. 2002இல் வந்த வேறொரு திட்டத்திலும் இப்படி ஒரு வரம்பு இருந்தது. பெரிய பண்ணைகள் அதை விரும்பவில்லை, சின்னப் பண்ணைகள் விடவில்லை. 2025இல் வந்த சட்டம் அந்த 50 இலட்சத்தை 60 இலட்சமாக உயர்த்தியது. வரம்பை எங்கே போடுவது என்ற இழுபறி இன்றும் ஓயவில்லை.

6. சின்னப் பண்ணைகள் எங்கே போயின?

இத்தனை காலம் இத்தனை பணம் கொடுத்தும் சின்னப் பண்ணைகள் பிழைத்தனவா? கணக்கைப் பாருங்கள்.

1970இல் பசு வைத்திருந்த பண்ணைகள் 6 இலட்சத்து 48 ஆயிரம். ஒரு பண்ணைக்குச் சராசரி 19 பசு.

2006இல் அது 75 ஆயிரம். ஒரு பண்ணைக்குச் சராசரி 120 பசு.

2023இல் பால் விற்க அனுமதிப்பத்திரம் வைத்திருந்த பண்ணைகள் சுமார் 26 ஆயிரம் மட்டும்.

இதே காலத்தில் பால் குறைந்ததா என்றால் இல்லை. 1970இல் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருகிவிட்டது. பால் பெருகியது, பால்காரர்கள் அருகிப் போனார்கள்.

இதற்கு மானியம் மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. கறக்கும் இயந்திரங்கள் வந்தன. நல்ல இன மாடுகள் வந்தன. ஆயிரம் மாடு வைத்திருப்பவருக்கு ஒரு லீட்டருக்கு ஆகும் செலவு குறைகிறது. இருபது மாடு வைத்திருப்பவருக்கு அது குறைவதில்லை. நாலு நாள் விலை விழுந்தால் தாங்கிக்கொள்ள பெரியவரால் முடியும். ஆனாலும் ஒன்றைத் துணிந்து சொல்லலாம். பாலின் அளவுக்குக் கட்டப்பட்ட மானியம் இந்த ஓட்டத்தைத் தடுக்கவில்லை. "சிறு விவசாயியைக் காப்பாற்றவே இந்தச் சட்டம்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். பணம் போன பாதை வேறாக இருந்தது.

7. பால் கறக்கிறவருக்கு என்ன கிடைத்தது?

நாம் கூலி வேலை செய்கிற சனம். அதனால் இந்தக் கேள்வியை நாம் கேட்காமல் விட முடியாது.

பெரிய பண்ணைகளில் முதலாளி கறப்பதில்லை. 2015இல் வெளியான ஆய்வொன்று, அமெரிக்கப் பால் பண்ணைத் தொழிலாளரில் பாதிப் பேர் வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று கணக்கிட்டது. ராத்திரி பகல் பாராமல் முறைவைத்துக் கறக்கிறார்கள். மானியக் காசோலையில் அவர்கள் பெயர் இல்லை. அது பண்ணை உரிமையாளர் பெயருக்கு வருகிறது. 1938ஆம் ஆண்டு வந்த மத்திய தொழிற்சட்டமே விவசாயத் தொழிலாளருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை என்று அவர்களை ஒதுக்கிவிட்டது.

வாஷிங்டன் மாநிலத்தில் பால் கறந்த தொழிலாளர் இருவர் இதை எதிர்த்து வழக்காடினார்கள். 2020 நவம்பரில் அந்த மாநில உயர் நீதிமன்றம், பால் பண்ணைத் தொழிலாளருக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஐந்துக்கு நாலு என்று பிரிந்து கொடுத்த தீர்ப்பு அது. தொழிலுக்குப் பணம் கொடுத்தால் தொழிலாளிக்குத் தானாக வழிந்து வரும் என்று இருந்திருந்தால், அவர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்திருக்காது.

8. மானியத்தை நிறுத்திய நாடு

நம்ம கடைகளில் அடுக்கியிருக்கும் பால்மாவில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருவது. அந்தப் பாலும் மானியத்தில் வந்ததுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

1984இல் நியூசிலாந்தில் புதிதாக வந்த தொழிற்கட்சி அரசாங்கம் விவசாய மானியங்களை ஏறக்குறைய முழுவதும் வெட்டியது. அதுவரை விவசாய வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரசாங்க உதவியாக இருந்தது. முதல் சில வருடங்கள் கஷ்டம். காணி விலை விழுந்தது, வட்டி ஏறியது. ஆனால் பயந்த அளவுக்குப் பண்ணைகள் மூடப்படவில்லை. செம்மறி ஆடுகளைக் குறைத்தார்கள், பால் மாடுகளைக் கூட்டினார்கள்.

"அப்படின்னா மானியமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். அந்த நாட்டில் வருடம் முழுக்கப் புல் வளரும் மேய்ச்சல் நிலம் விவசாயிகளின் சொந்தக் காணி. பால் வாங்குவதும் பால்மா செய்வதும் விவசாயிகளின் சொந்தக் கூட்டுறவுகள். 2001இல் அந்தக் கூட்டுறவுகள் ஒன்றுசேர்ந்துதான் பொன்டெரா உண்டானது. ஊன்றிக்கொள்ளக் காணியும் கூட்டுறவும் இருந்ததால் ஊன்றுகோலை எடுத்தபோது நின்றார்கள். காணியும் இல்லை, கூட்டுறவும் இல்லை என்ற இடத்தில் ஊன்றுகோலை மட்டும் பிடுங்கினால் என்னாகும் என்று நாம் யோசிக்க வேண்டும்.

இறக்குமதிப் பாலை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. 2021, 2022ஆம் ஆண்டுகளில் டொலர் தட்டுப்பாட்டினால் பால்மாவுக்கு நம்ம சனம் வரிசையில் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. அப்போது பட்டியில் பசு இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால் இருந்தது.

9. பெயர்ப் பட்டியல் வெளியே வந்தபோது

அமெரிக்காவில் நீண்ட காலம் சாதாரண சனத்துக்கு, தங்கள் ஊரில் யார் எவ்வளவு மானியம் வாங்குகிறார் என்று தெரியாது. 2001இல் வாஷிங்டன் நகரில் இயங்கும் ஒரு சுற்றாடல் ஆய்வு அமைப்பு, அங்குள்ள தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் அரசாங்கத்திடமிருந்து பதிவேடுகளைப் பெற்று, ஊர் ஊராக, பெயர் பெயராகக் கணினி வலையில் வெளியிட்டது. ஊர்ப் பத்திரிகைகள் அதை எடுத்து, நம்ம பகுதியில் இந்தப் பால் பண்ணைக்கு இவ்வளவு, இந்த மாட்டுப் பண்ணைக்கு இவ்வளவு என்று போட்டன. பணத்தில் பெரும்பங்கு பெரிய பண்ணைகளுக்குப் போவது வெட்டவெளிச்சமானது.

சிலருக்குக் கோபம். "எங்க வீட்டுக் கணக்க ஊரே பாக்கணுமா?" என்றார்கள். பொதுப் பணம் வாங்கினால் பொதுச் சனம் பார்க்கும் என்பது மற்றவர்களின் பதில். எது எப்படியோ, மானியத்துக்கு வரம்பு வேண்டும் என்று வாதாடியவர்களின் கையில் அதற்குப் பிறகு வெறும் பேச்சு மட்டும் அல்ல, கணக்கும் இருந்தது.

10. நாம் கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

இப்போது நம்ம தோட்டத்துக்கு வருவோம். பசு தருகிறோம், தீவனம் தருகிறோம், பட்டி கட்டக் காசு தருகிறோம் என்று யாராவது வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த நாலையும் கேளுங்கள்.

முதலாவது: இந்த உதவி எதோடு கட்டியிருக்கிறது? லீட்டருக்கா, மாட்டுக்கா, காணிக்கா, ஆளுக்கா? லீட்டருக்கு என்றால் அதிகம் கறப்பவருக்கு அதிகம். காணி உறுதி கேட்டால் லயத்தில் இருக்கிற நமக்கு வாசலிலேயே கதவு அடைபடும். அப்படிப்பட்ட திட்டத்தில், உறுதிக்குப் பதிலாக வேறு அத்தாட்சியை ஏற்றுக்கொள்ளும்படி சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்க வேண்டும்.

இரண்டாவது: உச்ச வரம்பு உண்டா? ஒருவர் எத்தனை மாட்டுக்கு எடுக்கலாம்? வரம்பு இல்லாவிட்டால் முதலில் வருகிற பெரியவரே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவார்.

மூன்றாவது: திட்டம் தவறிப்போனால் சுமை யார் தலையில்? 2017இல் வெளிநாட்டிலிருந்து 5,000 கறவை மாடுகள் நம்ம நாட்டுப் பண்ணையாளர்களுக்காகக் கொண்டுவரப்பட்டன. மாடுகள் செத்ததும், நோய்ப்பட்டதும், எதிர்பார்த்த பால் கிடைக்காமல் பண்ணையாளர்கள் கடனில் மாட்டிக்கொண்டதும் பின்னர் செய்திகளில் வந்தன. அதனால் மாடு எந்த இனம், நம்ம குளிருக்கும் புல்லுக்கும் ஒத்துவருமா, செத்தால் காப்புறுதி உண்டா, கால்நடை வைத்தியர் வருவாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாவது: பட்டியலைப் பார்க்கலாமா? யாருக்கு, எந்த அடிப்படையில் என்பது எழுத்தில் இருக்கிறதா?

இந்த நாலாவது கேள்விக்கு நம்மிடம் ஒரு சட்டமே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரஜையான எவரும் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம், தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள், தருவோமா மாட்டோமா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் அதற்கென நியமிக்கப்பட்ட மேலதிகாரிக்கு மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு இருக்கிறது. தனிப்பட்டவரின் அந்தரங்க விபரம் என்று சிலவற்றை மறுக்கக்கூடும். ஆனால் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், எந்தத் தோட்டத்துக்கு எத்தனை, எவ்வளவு பணம், என்ன அடிப்படை என்று தாராளமாகக் கேட்கலாம்.

பிரஜை என்ற சொல்லுக்காக நம்ம பெரியவர்கள் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற பெயர் நம்மை விட்டுப் போனது. அப்படிக் கிடைத்த உரிமையை அலுமாரியில் பூட்டி வைக்காமல் பயன்படுத்த வேண்டும்.

கலந்துரையாடுவோம்

உங்கள் மாதர் சங்கத்திலோ, பால் உற்பத்தியாளர் சங்கத்திலோ இதை வாசித்துக் காட்டிவிட்டு, கீழ்க்கண்டவற்றைப் பேசுங்கள்.

1. நம்ம தோட்டத்தில் மாடு வளர்ப்போர் எத்தனை குடும்பம்? அவர்களில் கடந்த ஐந்து வருடத்தில் ஏதாவது உதவி பெற்றவர்கள் எத்தனை?

2. உதவி கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? காணி உறுதி இல்லாததா, தகவல் வராததா, வேறு காரணமா?

3. பாலின் அளவுக்கு உதவி கொடுப்பது நல்லதா, ஒரு குடும்பத்துக்கு இரண்டு பசு வரைக்கும் என்று வரம்பு வைத்துக் கொடுப்பது நல்லதா? இரண்டு பக்கமும் பேசிப் பாருங்கள்.

4. தனித்தனியாகப் பால் ஊற்றுவதற்கும் சங்கமாகச் சேர்ந்து ஊற்றுவதற்கும் விலையிலும் தீவனத்திலும் என்ன வித்தியாசம் இருக்கும்?

5. நமது பிரதேசத்தில் கால்நடைத் திட்டங்களின் கீழ் யாருக்கு எவ்வளவு போனது என்று கேட்டு ஒரு தகவல் விண்ணப்பம் எழுத, நம்மில் யார் பொறுப்பெடுப்பது?

ஐந்தாவது கேள்விக்கு ஒரு பெயரைத் தீர்மானித்துவிட்டே கூட்டத்தை முடியுங்கள். கிடைக்கும் பதிலை நாலு பேர் முன்னால் வாசியுங்கள். அடுத்த முறை மாட்டுத் திட்டத்தோடு யாராவது வரும்போது, அந்தக் கடதாசி உங்கள் கையில் இருக்கட்டும்.